பூங்கா பார்த்த வீடு

தன் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க அவளுக்கு அரை நிமிடம் ஆகும். இருபத்திரண்டு வருடமாக எல்லோருக்கும் அவள் ஸ்க்ரீனக்காதான். ஜன்னலுக்கு ஸ்க்ரீன் தைப்பது, கம்பி மாட்டுவது, மடிப்பு பிடித்துத் தொங்க விடுவது, இதுதான் தொழில். எங்கேயாவது அடுக்குமாடி ஒன்று கட்டி முடிந்தது என்றால், பெயிண்ட் வாசனை போவதற்குள் அக்கா டேப்பும் கையுமாகப் படியேறிவிடுவாள். லிஃப்ட் ஓடாவிட்டாலும் ஏறுவாள். ஐம்பத்தொரு வயது என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

அடுத்தவர் சொன்ன அளவை வைத்து அவள் ஒரு முழம் துணிகூட வெட்டியதில்லை. "நாலடி இருக்கும்க்கா, வெட்டிடுங்க" என்று யாராவது போனில் சொன்னால் போதும், அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும்.

"இருக்கும்னா என்ன அர்த்தம்? தெரியலன்னு அர்த்தம். கதவைத் திறந்து வைங்க, நானே வர்றேன்."

அப்படிப்பட்டவள் இன்னும் கட்டாத வீடு ஒன்றைக் காகிதத்தில் பார்த்து வாங்கினாள். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். சிரிப்பவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம், அக்காவே சிரித்து முடித்துவிட்டாள்.

ஸ்டூலில் ஏறி ஜன்னல் அளக்கும் ஆளை வீட்டுக்காரர்கள் யாரும் ஒரு ஆளாகவே எண்ணுவதில்லை. பக்கத்தில் நின்றுகொண்டே எல்லாம் பேசுவார்கள். அஸ்திவாரம் போடுவதற்கு முன்பே புக் செய்ததையும், சாவி வாங்கும் முன்பே விற்றதையும், கைக்கு வந்த லாபத்தையும் அக்கா வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறாள். ஒரு வீட்டுக்கு மூன்று தடவை அளவெடுக்கப் போனாள், மூன்று தடவையும் மூன்று சொந்தக்காரர்கள். அதுவரை அந்த வீட்டில் ஒருவர்கூட ஒரு நாள் படுத்து எழுந்ததில்லை. அடேங்கப்பா, ஒரு தம்ளர் தண்ணீர்கூடக் குடிக்காமல் இரண்டு பேர் சம்பாதித்துவிட்டார்களே என்று அவள் ஸ்டூலிலேயே வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

சரியாக அந்தச் சமயம் பார்த்துத்தான் கடை ஓனர் அவள் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டார். பதினோரு அடி அகலமுள்ள அந்த மூலைக்கடையில்தான் அவளுடைய வெட்டுமேசை, இரண்டு தையல் மெஷின், துணிச்சுருள் அடுக்கு எல்லாம் இருந்தன. இருபது வருட வாடகைக்கடை. ஓனர் அதை விற்கப்போகிறாராம்.

"உனக்காக ரெண்டு வருஷம் பொறுத்துக்கிறேம்மா. முழுப் பணத்தோட வந்தா கடை உனக்கு. இல்லேன்னா செல்போன் கடைக்காரர் துண்டு போட்டு வச்சிருக்காரு."

அவளும் வீட்டுக்காரரும் சேர்த்து வைத்திருந்த பணம் கடை விலையில் மூன்றில் இரண்டு பங்கு தேறும். மீதி ஒரு பங்குக்கு எங்கே போவது? தைத்துத் தைத்து இரண்டு வருடத்தில் அதைச் சேர்க்க வேண்டுமென்றால் அவளுக்கு எட்டுக் கை முளைக்க வேண்டும். அந்தக் கடையை விட்டு வேறு தெருவுக்குப் போனால் யார் தேடி வருவார்கள், ஐம்பது வயதில் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பதா என்று அவள் ராத்திரியெல்லாம் தூங்காமல் கணக்குப் போட்டாள்.

வீட்டுக்காரர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். நாள் முழுக்க ஹாரனும் சண்டையும் கேட்டுக் கேட்டு, வீட்டில் வாயைத் திறக்கவே யோசிப்பார். நாமும் ஒரு வீட்டை புக் செய்து சாவிக்கு முன்பே விற்றுவிடலாம் என்று அக்கா எடுத்ததும் சாப்பிட்ட கையைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தார்.

"கட்டாத வீட்டுக்கு எதைப் பாத்துப் பணம் கட்டுறது?"

"பிளானைப் பாத்துத்தாங்க. எத்தனை பிளான் பாத்திருக்கேன் நான்! எந்த வீடு விக்கும், எது விக்காதுன்னு ஜன்னலைப் பாத்தே சொல்லிடுவேன்."

"நீ சொல்லிட்டா அப்புறம் நான் என்னத்தச் சொல்ல" என்று கை கழுவப் போய்விட்டார். அது சம்மதம்தான். முப்பது வருடத்தில் அவர் தந்த எல்லாச் சம்மதமும் அப்படித்தான் இருந்தது.

கட்டடக் கம்பெனியின் விற்பனை அலுவலகத்தில் ஏசி குளிர் எலும்பைத் தொட்டது. நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு பிளாக், பொம்மை மரம், பொம்மைக் கார். பக்கத்தில் பச்சைத் துணி ஒட்டிய பூங்கா. விற்பனைப் பெண் தேன் ஒழுகப் பேசினாள். அக்கா எதற்கும் மயங்கவில்லை. அவளுக்கு வேண்டியது ஹால் ஜன்னல் பூங்காவைப் பார்க்கும் வீடு. அதை வாங்க எப்போதும் ஆள் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், அதில் அவள் கணக்கு தப்பவும் இல்லை. பிளான் தாளை விரித்து ஜன்னல் ஜன்னலாக விரல் வைத்தாள். உள்ளே நுழைந்ததும் இடது கைப் பக்கம் ஹால். ஹாலில் எட்டடி ஜன்னல். இடது பக்கம் பூங்கா.

"ஏழாவது மாடியில நாலாம் நம்பர் இருக்கா?"

"உங்களுக்கு நல்ல கண்ணுக்கா" என்றாள் விற்பனைப் பெண்.

ஏற்பாடு இதுதான். புக் செய்யும்போது கொஞ்சம், பிறகு ஒவ்வொரு தளம் போட்டதும் கொஞ்சம். அக்காவின் சேமிப்பு முழுவதும் அதிலேயே போய்விடும். சாவி கொடுக்கும் அன்று பெரிய தொகை ஒன்று கட்ட வேண்டும், அது அவளிடம் கிடையாது. அதற்கு முன்னால் விற்றுவிட வேண்டும். விற்காவிட்டால் கம்பெனி வீட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு, கட்டியதில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளும். மூன்றில் இரண்டு பங்கு இருந்த பணம் பாதியாகிவிடும், கடையும் கையை விட்டுப் போய்விடும். இதெல்லாம் தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டுப் பேருந்தில் வரும்போது, போகிற வருகிற கட்டடத்தையெல்லாம் சொந்தக்காரி மாதிரி பார்த்துக்கொண்டு வந்தாள். பிளானைக் கடைச் சுவரில் டேப் போட்டு ஒட்டினாள்.

ஒன்றரை வருடத்தில் ஏழாவது மாடி எழுந்தது. மேலே போய்ப் பார்க்கலாம் என்று கம்பெனியிலிருந்து போன் வந்ததும், தலையில் மஞ்சள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, சிமெண்ட் தூசு பறக்க ஏழு மாடியும் ஏறினாள். நாலாம் நம்பர் வீட்டுக்குள் நுழைந்து, ராணி மாதிரி இடது பக்கம் திரும்பினாள். அங்கே அடுப்படி இருந்தது.

வெளியே வந்து கதவு நிலையில் சாக்பீஸால் எழுதியிருந்த நம்பரைப் பார்த்தாள். நாலுதான். மறுபடியும் உள்ளே போனாள். ஹால் வலது பக்கம் இருந்தது. எட்டடி ஜன்னலும் இருந்தது, ஒரு அங்குலம் குறையவில்லை. ஜன்னலுக்கு நேரே பத்தடி தூரத்தில் அடுத்த பிளாக்கின் சுவர். கீழே பார்த்தாலும் சுவர், அண்ணாந்து பார்த்தாலும் சுவர். பூங்கா கட்டடத்தின் மறுபக்கம் எங்கேயோ சௌக்கியமாக இருந்தது.

இதில் யாரும் அவளை ஏமாற்றவில்லை. அச்சடித்த பிளான் ஒற்றைப்படை நம்பர் வீடுகளுக்கு. இரட்டைப்படை வீடுகள் அதே பிளானை அப்படியே இடம் வலமாகப் புரட்டிக் கட்டியவை. தாளின் அடியில் எறும்பு சைஸ் எழுத்தில் அது போட்டிருந்தது. வீடு வாங்குகிற மற்றவர்கள் முதலில் வாசல் எந்தத் திசை என்று பார்ப்பார்கள், திசை காட்டும் அம்புக்குறியைத் தேடுவார்கள். ஸ்க்ரீன் தைக்கிறவளுக்கு வாசல் எந்தத் திசையில் இருந்தால் என்ன? அவள் ஜன்னல் ஜன்னலாக அகலம் பார்த்தாள், உயரம் பார்த்தாள், மற்றதெல்லாம் கண்ணிலேயே படவில்லை. சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்து, "அடிப் பாவி, அடிப் பாவி" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கண்ணீர் வந்தது. துடைத்தபோது முகமெல்லாம் சிமெண்ட் ஆயிற்று.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் ஷூவைக் கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிட்டாள். அவர் நிதானமாக ஒரு ஷூவைக் கழற்றி வைத்தார்.

"அந்தச் சுவரா? ஆறு மாசமாத் தெரியுமே. என் ரூட்டு அந்த வழிதானே? நம்ம ஜன்னலுக்கு நேரே ரெண்டாவது பிளாக்கு ஏற ஏற, தினமும் எட்டு தடவை பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"ஆறு மாசமாவா? பாவி மனுஷா! ஏன் சொல்லல?"

"சொன்னா சுவரு நகருமா? நீ சந்தோஷமா இருந்த. ஆறு மாசம் கூடக் கொஞ்சம் இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்." இன்னொரு ஷூவையும் கழற்றினார். "நீ ஏதாவது வழி பண்ணிடுவ. எனக்குத் தெரியும்."

அவளுக்கு அவரை அடிக்கலாம் போலவும் இருந்தது, கையைப் பிடித்துக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் டீ போட்டுக் கொடுத்தாள்.

சாவி கொடுக்க மூன்று வாரம் இருக்கும்போது கண்ணாடிக்கடைக்காரர் வந்தார். கண் பரிசோதித்துக் கண்ணாடி போட்டுக் கொடுக்கிறவர். பரிசோதனை அறைக்கு இருட்டுத் துணியில் ஸ்க்ரீன் வேண்டுமென்று வந்தவரின் பார்வை சுவரில் இருந்த பிளான்மேல் விழுந்தது.

"விக்கிறதுக்கா? ரொம்ப நாளா எனக்கும் ஆசைம்மா. இப்படி ஒண்ணை வாங்கிப் போட்டு வித்துப் பாக்கணும்னு. மகன்கூடச் சொல்லிக்கிட்டே இருக்கான்." கிட்டே போய், விரலை அக்கா வைத்த அதே இடத்தில் வைத்தார். "நுழைஞ்சதும் இடது பக்கம் ஹாலு. இடது பக்கம்தானே பூங்கா? அட! என்ன விலை சொல்றீங்க?"

அக்கா பூங்கா பார்த்த வீட்டின் விலையைச் சொன்னாள். ஏன் சொன்னாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது, வாயில் வந்துவிட்டது. அவர் பேரம்கூடப் பேசவில்லை.

"ஏழு மாடி ஏற என் முட்டி ஒத்துக்காது. நீங்க சொன்னாப் போதும். நாளைக்குக் காலையில அட்வான்ஸோட வர்றேன். இவ்வளவு நல்ல வீட்டை ஏம்மா விக்கிறீங்க?"

"இந்தக் கடையை வாங்கத்தான் சார்."

"நல்லது, நல்லது" என்று கடையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்த விலை வந்தால் கடை முழுசாக அவளுடையது. கம்பெனிக்குக் கட்ட வேண்டிய பெயர் மாற்றக் கட்டணம் போனால்கூட மிச்சம் இருக்கும். அவள் பொய் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே! அவர்தான் பார்த்தார், அவர்தான் சொன்னார். அவளுக்கு மட்டும் யாராவது சொன்னார்களா? அந்த எறும்பு எழுத்து அவர் பார்த்த தாளிலும்தானே இருக்கிறது, அதுவும் கண்ணாடிக்கடைக்காரர்! இப்படி நாள் முழுக்கத் தனக்குத்தானே வக்கீலாக வாதாடினாள். அன்றைக்கு வெட்டிய துணி ஒன்றில் ஒரு சாண் குறைந்துபோயிற்று.

மறுநாள் காலை, சொன்ன நேரத்துக்குப் பழுப்புக் கவரோடு வந்தார். கவரை மேசைமேல் வைத்தார். அக்கா அதைத் தொடவில்லை. போய்ப் பிளானைச் சுவரிலிருந்து பிய்த்து எடுத்தாள். புரட்டி, கடையின் கண்ணாடிக் கதவில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். தெருவெளிச்சம் தாளை ஊடுருவி, கோடெல்லாம் இந்தப் பக்கம் தெரிந்தது.

"இப்போ பாருங்க சார். இதுதான் என் வீடு. ஹால் வலது பக்கம். ஜன்னலைத் திறந்தா எதிர்ல சுவரு. பூங்கா இல்ல."

அவர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முகம் சிவந்துபோயிற்று.

"இதை நேத்தே சொல்றதுக்கென்ன?"

"நேத்து சொல்ல மனசு வரல சார்."

"மனசு வரலையா! நல்ல ஆளும்மா நீங்க. உங்களுக்கெல்லாம் எதுக்கு இந்த வியாபாரம்?" கவரைச் சட்டென்று எடுத்துக்கொண்டு, ஸ்க்ரீன் ஆர்டரையும் வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா பிளானைச் சுருட்டி வைத்தாள். செய்தது சரிதான் என்று சந்தோஷம் ஒன்றும் வரவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். கடை போச்சே என்ற வயிற்றெரிச்சல்தான் வந்தது. மேசைமேல் அவருக்காக எடுத்து வைத்திருந்த இருட்டுத் துணி மட்டும் கிடந்தது. அதை மடித்து வைக்கும்போது அவள் கை அப்படியே நின்றது. இருட்டு வேண்டும் என்று கேட்டு வருகிறவர் இவர் ஒருவர்தானா?

ஆர்டர் நோட்டை எடுத்தாள். எட்டு வருடப் பக்கங்களைப் புரட்டி, வெளிச்சம் துளியும் வராத துணி கேட்டவர்களை மட்டும் தனியாக எழுதினாள். பதினாலு பேர். இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர்கள். பதினாலு பேருக்கும் போன் போட்டாள். பதின்மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். பதினாலாவது ஒரு நர்ஸ்.

அந்த நர்ஸை அக்காவுக்கு நன்றாக நினைவிருந்தது. இரட்டைத் துணி வைத்துத் தைத்துக் கொடுத்த பிறகும், ஓரத்தில் வெளிச்சம் வருகிறதென்று ஜன்னலில் அட்டை அடித்து வைத்திருந்தவள். கணவன் ரொட்டி அடுமனையில் இரவு வேலை. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வீட்டுக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் உண்மையைச் சொல்லிடறேன் தங்கச்சி. ஹால் ஜன்னலுக்கு எதிர்ல சுவரு. வேடிக்கை பாக்க ஒண்ணுமில்ல. பிளானைத் தப்பாப் பாத்து வாங்கிட்டேன்."

"வெயில் வராதாக்கா?" என்று கேட்டாள் நர்ஸ்.

நல்ல உச்சிவெயிலில் மூன்று பேரும் ஏழு மாடி ஏறினார்கள். உள்ளே லேசான இருட்டாகக் குளுகுளுவென்றிருந்தது. தெருச்சத்தம் எங்கேயோ தூரத்தில் கேட்டது. ரொட்டிக்காரர் சுவரைத் தட்டிப் பார்த்தார், குழாயைத் திருகிப் பார்த்தார். நர்ஸ் ஒன்றும் கேட்கவில்லை. ஹால் நடுவில் வந்து நின்றவள் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டாள். வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ, சாரிக்கா. இங்கேயே படுத்துடலாம் போலிருக்கு."

பூங்கா விலைக்கு அது போகுமா? சுவர் பார்த்த வீட்டுக்கு என்ன விலையோ அதைத்தான் அவர்கள் கொடுத்தார்கள். அக்கா புக் செய்த நாளைவிட அதுவும் ஏறித்தான் இருந்தது. கம்பெனியில் பெயர் மாற்றக் கட்டணம் கட்டி, சாவிக்கு நாலு நாள் முன்னால் எல்லாம் முடிந்தது. போட்ட பணம் பத்திரமாகத் திரும்பி வந்தது, மேலே லாபமும் வந்தது. ஆனால் கடையை முழுசாக வாங்க அது பத்தாது. "இருக்கட்டும், இத்தனை வருஷ ஸ்க்ரீன்காரி ஸ்க்ரீனே தேவைப்படாத வீட்டை வித்துட்டேன் பாருங்க" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"கடைக்கு என்ன பண்ணப்போற?"

"அளந்து பாத்துட்டேன். எனக்கு ஆறடி போதும்."

அடுத்த நாள் ஓனரிடம் போய்ப் பாதிக் கடையை விலைக்குக் கேட்டாள். பாதியை எவன் விற்பான் என்று அவர் குதித்தார். அக்கா குதிக்க விட்டாள். அதற்கு முன்னாலேயே செல்போன் கடைக்காரரைப் பார்த்துப் பேசிவிட்டுத்தான் வந்திருந்தாள். அவருக்கு ஐந்தடியே தாராளம், பணமும் மிச்சம். ஓனருக்கு வர வேண்டிய தொகை இரண்டு கையிலிருந்து வந்தால் என்ன, கசக்குமா? ஒரு வாரம் முறைத்துக்கொண்டு இருந்துவிட்டு ஒத்துக்கொண்டார். கொத்தனார் வந்து நடுவில் சுவர் எழுப்பினார். ஒரு மெஷினை விற்றாள், துணி அடுக்கைக் கூரை வரைக்கும் உயர்த்தினாள். வெட்டுமேசையைச் சுற்றி நடக்க இப்போது பக்கவாட்டில்தான் போக வேண்டும். ஆனால் பத்திரத்தில் அவள் பெயர் இருந்தது. அந்தப் பெயரை அவள் நாலைந்து தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்துக்கொண்டாள்.

சுண்ணாம்பு காயாத அந்தக் கடைக்கு ஒரு நாள் காலையில் கண்ணாடிக்கடைக்காரர் வந்தார். கையில் வேறொரு கம்பெனியின் பிளானைச் சுருட்டி வைத்திருந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். போன தடவை தாராளமாக நடந்து சுற்றிப் பார்த்த கடை. புதுச்சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மேசைக்கும் அடுக்குக்கும் நடுவில் அக்கா ஒடுங்கி நிற்பதைப் பார்த்தார்.

"கடையை வாங்கத்தான் விக்கிறேன்னு சொன்னீங்களேம்மா."

"வாங்கிட்டேனே சார். இதோ, சொந்தக் கடை."

"இந்தச் சுவரு…" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அன்னிக்கு நீங்க அந்தக் கவரை எடுத்திருந்தா இந்தச் சுவரு இங்க வந்திருக்காது. அப்படித்தானே?"

இதை யாராவது கேட்பார்கள் என்று அவள் நினைக்கவே இல்லை. வீட்டுக்காரர்கூடக் கேட்டதில்லை.

"ஆமா சார்" என்றாள்.

அவர் சுருளை மேசைமேல் வைத்து, அவள் பக்கமாக நகர்த்தினார்.

"இன்னும் பணம் கட்டல. நீங்க கட்டுன்னா கட்டுறேன், வேண்டாம்னா போயிடுறேன்."

அக்கா ஸ்டூலை அவர் பக்கம் தள்ளி உட்காரச் சொன்னாள். தாளை மேசையில் விரித்து, நாலு மூலையிலும் கத்தரிக்கோலையும் நூல்கண்டுகளையும் வைத்தாள். பிறகு முதல் வேலையாக, தாளின் அடியில் இருந்த எறும்பு எழுத்தை அவரைப் படிக்கச் சொன்னாள்.